ரோட்டில் மாடு, தபால்பெட்டியில் பாம்பு

கலிஃபோர்னியாவில் பாயின்ட் ரெயஸ் ஸ்டேஷன் என்ற சின்ன ஊரிலிருந்து வரும் பாயின்ட் ரெயஸ் லைட் பத்திரிகை கைக்கு வந்ததும் நான் முதலில் திருப்புவது ஷெரிஃப் அலுவலகத்துக்கு வந்த அழைப்புகள் பகுதியைத்தான். எந்த ஊரிலிருந்து, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எதற்காகப் போலீஸைக் கூப்பிட்டார்கள் என்று வாரா வாரம் போடுவார்கள். வேலி தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்ட மாடு, விடாமல் குரைக்கும் நாய், கடற்கரை ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு ராத்திரி முழுக்க அதிலேயே தூங்கும் ஆள், அண்ணன் தம்பி வாய்த்தகராறு, இப்படி எல்லாம் ரெண்டு ரெண்டு வரியில். யார் பெயரும் இருக்காது. ஆனால் அது யார் வீட்டு மாடு என்று ஊர்க்காரர்களுக்குத் தெரிந்துவிடும்.

முதல் தடவை அதைப் படித்தபோது எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் அப்பா பேப்பர் ஏஜென்ட். விடியற்காலை நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் கட்டு இறங்கும். கயிற்றை அறுத்து, இணைப்புகளை உள்ளே சொருகி, லைனுக்குப் போகும் பையன்களுக்கு எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் டீ குடிப்பார். வெளிச்சம் வந்ததும் யாராவது ஒருத்தர் வந்து நிற்பார். "அண்ணாச்சி, நம்ம ஊர்க் கொடை போட்டிருக்கானா பாருங்க." பெரும்பாலும் போட்டிருக்காது. எங்கள் ஊர் செய்தியில் வர வேண்டுமானால் லாரி எதிலாவது மோத வேண்டும். மாவட்டச் செய்திப் பக்கத்தின் கீழ்மூலையில் நாலு வரி, அதிலும் ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து மாறி இருக்கும். அந்த ஊருக்கென்று ஒரு பத்திரிகை இருந்ததே இல்லை. இருக்கலாம் என்று யாரும் நினைத்ததும் இல்லை.

அதனால்தான் சில நூறு பேர் மட்டும் குடியிருக்கும் ஓர் ஊருக்கு எழுபது வருஷத்துக்கு மேலாக ஒரு வாரப் பத்திரிகை வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பழைய கதையையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். இங்கே சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இருக்கும் தமிழர்கள் முக்கால்வாசிப் பேர் பாயின்ட் ரெயஸுக்குப் போயிருப்பார்கள். கலங்கரை விளக்கத்தின் படிகளில் மூச்சு வாங்க ஏறியிருப்பார்கள். பேக்கரியில் ஏதாவது வாங்கிக்கொண்டு, கடற்கரைச் சாலையில் கார் ஓட்டிக்கொண்டு திரும்பியிருப்பார்கள். வழியில் அந்தப் பத்திரிகை இருந்திருக்கும், கவனித்திருக்க மாட்டார்கள். அவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஊர் ரயிலால் வந்தது. 1875-ல் சான் பிரான்சிஸ்கோ பக்கத்திலிருந்து ஒரு குறுகிய பாதை ரயில் வடக்கே வந்தது. அது நின்ற இடம் பாயின்ட் ரெயஸ் ஸ்டேஷன். சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். வெண்ணெயும் பாலும் மரமும் நகரத்துக்குப் போயின. 1906 நிலநடுக்கத்தில் இந்த ஊர் ஸ்டேஷனில் நின்ற ரயிலே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. சான் ஆண்ட்ரியாஸ் பிளவு ஊருக்குப் பக்கத்திலேயே, டோமாலெஸ் விரிகுடாவின் அடியில் ஓடுகிறது. 1933-ல் ரயில் நின்றுபோனது. ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் ஊரோடு ஒட்டிக்கொண்டது.

பத்திரிகை 1948 மார்ச்சில் தொடங்கியது. அப்போது அதற்குப் பெயர் பேவுட் பிரஸ். 1966-ல்தான் பாயின்ட் ரெயஸ் லைட் என்று மாற்றினார்கள், முனையில் இருக்கும் கலங்கரை விளக்கத்தை நினைத்து. முதல் இருபத்தைந்து வருஷத்துக்குச் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லாச் சின்ன ஊர்ப் பத்திரிகையையும் போல, பள்ளிக்கூடம், தீயணைப்புப் படை, தண்ணீர் வாரியம், கல்யாணம், சாவு. ஆசிரியர்கள் மாறினார்கள், பத்திரிகை கை மாறியது, ஆனால் நிற்கவில்லை. அந்த ஊரின் அளவுக்கு அதுவே பெரிய காரியம் என்று அப்பாவின் தொழிலைப் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரியும்.

1975-ல் கலங்கரை விளக்கத்தின் பழைய கண்ணாடி விளக்கை அணைத்துவிட்டு, தானாக எரியும் விளக்கு வைத்தார்கள். அதே வருஷம்தான் டேவிட் மிட்செல், கேத்தி மிட்செல் என்ற தம்பதி பத்திரிகையை வாங்கினார்கள். இருவரும் ஸ்டான்ஃபோர்டில் இதழியல் படித்தவர்கள். விற்பனை மூவாயிரத்தைத் தொடாது. கணவன், மனைவி, கூடமாட ஒத்தாசைக்கு ஓரிரு பேர். அந்தக் காலத்து வாரப் பத்திரிகை நடத்துவது என்றால் என்ன என்று நினைத்துப் பாருங்கள். கடை கடையாக ஏறி விளம்பரம் கேட்க வேண்டும், ஊராட்சிக் கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும், போட்டோ எடுத்துக் கழுவ வேண்டும், செய்தியைப் பத்தி பத்தியாக வெட்டி ஒட்டிப் பக்கம் தயாரிக்க வேண்டும், அச்சாகி வந்ததும் தபாலுக்குக் கொண்டுபோக வேண்டும். முடிந்தது என்று நிமிர்ந்தால் அடுத்த இதழ் வந்து நிற்கும்.

ஊருக்குச் சுமார் பத்து மைல் வடக்கே, விரிகுடாக் கரையில் மார்ஷல் என்று ஒரு குக்கிராமம். அங்கேதான் சினனான் இருந்தது.

சினனானைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். 1958-ல் தெற்கு கலிஃபோர்னியாவில் சார்லஸ் டெடரிக் என்பவர் தொடங்கிய போதை மறுவாழ்வு இல்லம் அது. டெடரிக்கே குடியிலிருந்து மீண்டவர். ஹெராயினிலிருந்து மீளவே முடியாது என்று டாக்டர்கள் கைவிட்ட காலத்தில் அவர் ஆட்களை மீட்டுக் காட்டினார் என்று நாடே புகழ்ந்தது. வட்டமாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி கத்தித் தீர்ப்பதுதான் சிகிச்சை. அதற்கு விளையாட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். அறுபதுகளில் டோமாலெஸ் விரிகுடாப் பக்கம் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். நன்கொடை குவிந்தது, சொத்து சேர்ந்தது. எழுபதுகளின் நடுவில் இது ஒரு மதம் என்று அறிவித்துக்கொண்டார்கள். மதத்துக்கு வரி இல்லை.

அப்புறம் விபரீதமாகப் போனது. எல்லாருக்கும் மொட்டை. ஆண்களுக்குக் கருத்தடை அறுவை, டெடரிக்குக்கு மட்டும் விலக்கு. கர்ப்பமாக இருந்த பெண்களைக் கருக்கலைக்க வைத்தார்கள். பல வருஷம் சேர்ந்து வாழ்ந்த கணவன் மனைவியைப் பிரித்து வேறு வேறு ஜோடி சேர்த்துவிட்டார்கள். நீதிமன்றங்கள் திருத்துவதற்காக அனுப்பிவைத்த பிள்ளைகள் அங்கே அடி வாங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் ராத்திரியில் தப்பித்துப் புல்வெளி வழியாக ஓடிவந்து பக்கத்துப் பண்ணை வீடுகளின் கதவைத் தட்டினார்கள். பண்ணைக்காரர்கள் சோறு போட்டு, கம்பளி கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அப்படி உதவிய ஒருவரைச் சினனான் ஆட்கள் அடித்துப்போட்டார்கள். 1977-78-ல் துப்பாக்கிகளை மொத்தமாக வாங்கிக் குவித்தார்கள்.

இதெல்லாம் பெரிய பத்திரிகைகளுக்குத் தெரியாமல் இல்லை. சான் பிரான்சிஸ்கோ எக்ஸாமினர் 1972-லேயே சினனானைப் பற்றி எழுதியது. அவர்கள் அவதூறு வழக்குப் போட்டார்கள். எக்ஸாமினரை நடத்திய ஹெர்ஸ்ட் நிறுவனம் 1976-ல் 6 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானமாகப் போனது. அது வெளியே தெரிந்த பிறகு மற்றவர்கள் கை வைப்பார்களா? சினனானுக்குள்ளேயே வக்கீல் படை இருந்தது. யார் என்ன எழுதினாலும் மறுப்புப் போடு, இல்லாவிட்டால் வழக்கு என்று கடிதம் பறந்தது.

மூவாயிரம் பிரதிகூட விற்காத பத்திரிகை அந்த நேரத்தில்தான் எழுதத் தொடங்கியது. எப்படித் துணிந்தார்கள் என்று யோசித்தால் எனக்குக் கிடைக்கும் பதில் இதுதான். அடிபட்ட பண்ணைக்காரர் அவர்கள் வட்டாரத்துக்காரர். ஓடிவந்த பிள்ளையைச் சேர்த்துக்கொண்ட வீடு அவர்களுக்குத் தெரிந்த வீடு. தபால் நிலையத்தில் முகத்துக்கு முகம் பார்க்கிறவர்கள். ஏன் இதைப் போடவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? சான் பிரான்சிஸ்கோவில் பதினைந்தாவது மாடியில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்கு அந்தக் கேள்வி வராது.

1978 தொடக்கத்தில், இந்த ஊர்களெல்லாம் அடங்கிய மரின் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) கிராண்ட் ஜூரி, அதாவது பொதுமக்களைக் கொண்ட விசாரணைக் குழு, ஓர் அறிக்கை கொடுத்தது. சினனானில் பிள்ளைகள் நடத்தப்படும் விதத்தையும், அதைக் கவுண்டி அதிகாரிகள் கண்டும் காணாமல் விட்டதையும் அது குறை சொல்லியது. லைட் அதைப் பிடித்துக்கொண்டு வாரா வாரம் போனது. ரிச்சர்ட் ஆஃப்ஷி என்று பெர்க்லி பல்கலைக்கழகத்தின் சமூகவியல் பேராசிரியர். சினனானைப் பல காலமாக ஆராய்ந்து வந்தவர். அந்தப் பக்கம் அவருக்கு வீடும் இருந்தது. அவரும் மிட்செல் தம்பதியோடு சேர்ந்தார். போலீஸ் அறிக்கைகளை வரிசைப்படுத்தினார்கள், வெளியே வந்தவர்களைத் தேடிப் பேசினார்கள், அதிகாரிகளைத் துளைத்துத் துளைத்துக் கேட்டார்கள். ஷெரிஃபின் மெத்தனத்தைத் தலையங்கத்தில் எழுதினார்கள்.

செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் பால் மொரான்ட்ஸ் என்ற வக்கீல் சினனானுக்கு எதிரான ஒரு வழக்கில் 3 லட்சம் டாலர் தீர்ப்பு வாங்கினார். விருப்பத்துக்கு மாறாக அடைத்துவைத்து மொட்டையடித்த ஒரு பெண்ணுக்காக அவர் நடத்திய வழக்கு. மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 10-ஆம் தேதி, அவர் வீட்டுக்கு வந்து தபால்பெட்டிக்குள் கையை விட்டார். உள்ளே நாலரை அடி நீளத்தில் ஒரு கிலுகிலுப்பைப் பாம்பு இருந்தது. கடித்துவிட்டது. அந்தப் பாம்பு கடிப்பதற்கு முன்பு வாலை ஆட்டிச் சத்தம் போட்டு எச்சரிக்கும். அந்தச் சத்தம் வரக்கூடாது என்று வாலில் இருந்த கிலுகிலுப்பையை வெட்டி எடுத்துவிட்டுத்தான் உள்ளே போட்டிருந்தார்கள். மொரான்ட்ஸ் பிழைத்தார். தெருவில் சந்தேகமாக நின்ற ஒரு காரின் நம்பரை அக்கம்பக்கத்தில் குறித்து வைத்திருந்தார்கள். அதை வைத்துப் போலீஸ் சினனான் ஆட்கள் இரண்டு பேரைப் பிடித்தது.

அதற்கு ஒரு மாதம் கழித்துத் தென் அமெரிக்காவில் கயானாவின் ஜோன்ஸ்டவுனில் ஒரு மதக் கூட்டத்தின் கூட்டுச் சாவு நடந்தது. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்தக் கூட்டமும் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து போனதுதான். சினனானுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த நவம்பர் எப்படி இருந்திருக்கும்! துப்பாக்கி வைத்திருக்கும் கூட்டம் ஒன்று கண்ணெதிரே இருக்கிறது. மிட்செல் தம்பதி குடியிருந்தது அதே பகுதியில், அதே தபால்பெட்டிகளோடு. ஒரு வாரமாவது விட்டுவிடலாம் என்று தோன்றியிருக்காதா? விடவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் அரிசோனாவில் டெடரிக்கைக் கைது செய்தார்கள். ஆட்களைத் திருத்தப் புறப்பட்டவர் அன்று நன்றாகக் குடித்திருந்தார். தொந்தரவு கொடுக்கும் வக்கீல்களின் காலை உடைப்பது பற்றி அவரே பேசிய ஒலிநாடாவும் போலீஸ் கையில் சிக்கியது. 1980-ல் குற்றச்சாட்டுக்கு எதிராக வாதாடாமல் ஒதுங்கிக்கொண்டார். வரிவிலக்கும் போய், 1991-ல் சினனான் கலைந்தது.

1979 ஏப்ரலில் பொதுச் சேவைக்கான புலிட்சர் தங்கப் பதக்கம் பாயின்ட் ரெயஸ் லைட்டுக்கு அறிவிக்கப்பட்டது. அதிபர் நிக்சனைப் பதவியிலிருந்து இறக்கிய வாட்டர்கேட் ஊழல் செய்திக்காக வாஷிங்டன் போஸ்ட் வாங்கிய அதே பதக்கம். வாரப் பத்திரிகைக்கு அது கிடைப்பது அபூர்வம். 1953-ல் வட கரோலினாவில் டேபர் சிட்டி ட்ரிப்யூன் என்ற சின்ன ஊர்ப் பத்திரிகைக்கு, கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தை எதிர்த்து எழுதியதற்காகக் கிடைத்திருக்கிறது. அங்கேயும் பார்த்தால், க்ளான் ஆட்கள் அந்த ஆசிரியருக்கு அறிமுகம் இல்லாதவர்கள் இல்லை, கடைத்தெருவில் எதிரே வருகிறவர்கள்.

ஆனால் பதக்கத்தோடு கதையை முடிப்பவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். சினனான் மிட்செல் தம்பதி மீதும் வழக்குப் போட்டது. வழக்கில், உங்களுக்குத் தகவல் சொன்னவர்கள் யார் என்று காட்டுங்கள் என்று கேட்டது. சொன்னால், பெயரை வெளியே விடமாட்டார்கள் என்று நம்பிப் பேசியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். சொல்ல மறுத்து வழக்கு மேலே மேலே போய், 1984-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சிவில் வழக்குகளில் நிருபர் தன்னிடம் பேசியவரின் பெயரை வெளியிடாமல் இருக்க, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, உரிமை உண்டு. வேறு எந்த வழியிலும் அந்தத் தகவல் கிடைக்காதா, வழக்கின் மையத்துக்கு அது அவசியமா என்பதையெல்லாம் பார்த்துத்தான் கேட்க முடியும். இன்றைக்குக் கலிஃபோர்னியாவில் எந்தப் பெரிய பத்திரிகையின் வக்கீலும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது. மிட்செல் என்ற பெயரிலேயே அறியப்படுகிறது. பதக்கத்தைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சினனானைவிட்டு வெளியே வந்தவர்களும் ஓடிவந்த பிள்ளைகளும் பேசிய பேச்சுக்குக் காவல் நின்றது இதுதான்.

இதற்குள் தம்பதி பிரிந்து, 1981-ல் பத்திரிகையை விற்றிருந்தார்கள். கேத்தி பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போனார். டேவிட் எக்ஸாமினரில் நிருபராகச் சேர்ந்தார், 6 லட்சம் கொடுத்துச் சமாதானமாகப் போன அதே எக்ஸாமினர். வாங்கியவர்களால் பத்திரிகையைத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1983 முடிவில் டேவிட் கைக்கே திரும்பி வந்தது. அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் நடத்தினார்.

அந்த இரண்டாம் காலத்தில் அவர் செய்த ஒரு காரியத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் நெஞ்சில் நிற்கிறது. மேற்கு மரினின் பண்ணைகளில் இருப்பவர்கள் ஒரே இடத்திலிருந்து வந்தவர்கள் இல்லை. அயர்லாந்துக்காரர்கள், சுவிட்சர்லாந்தின் டிசினோ மலைப்பகுதியிலிருந்து வந்தவர்கள், போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுக்காரர்கள், விரிகுடாவில் மீன்பிடிக்க வந்த குரோவேஷியர்கள், கடைசியாக மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்திலிருந்து வந்தவர்கள். ஒவ்வொரு கூட்டமும் புறப்பட்ட ஊருக்கே நிருபர்களை அனுப்பி மிட்செல் எழுதவைத்தார். பல வருஷம் விட்டுவிட்டு நடந்த தொடர் அது. அங்கே மிச்சமிருக்கும் சொந்தக்காரர்கள் யார், ஏன் கிளம்பினார்கள், போனவர்களைப் பற்றி அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள். மூவாயிரம், நாலாயிரம் பிரதி விற்கும் பத்திரிகை அட்லாண்டிக்கைத் தாண்டி ஆள் அனுப்பியிருக்கிறது! பால் கறக்க வந்த மெக்சிகோக்காரரும், அவருக்குச் சம்பளம் கொடுக்கும் சுவிஸ் வம்சத்துப் பண்ணைக்காரரும் ஒரே காரணத்துக்காக ஊரைவிட்டு வந்த குடும்பங்கள்தான் என்று அந்த ஊர் படித்துத் தெரிந்துகொண்டது.

எங்கள் ஊரிலிருந்து தாராவிக்குப் போனவர்கள் எத்தனை வீடு! கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள், துபாய்க்குப் போனவர்கள், என்னைப் போல இங்கே வந்தவர்கள். ஒருவர் கதையாவது எங்காவது அச்சில் இருக்கிறதா? கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மும்பை என்று போடுவார்கள், அவ்வளவுதான். ஒரு ஊருக்குப் பத்திரிகை இல்லாமல் போனால் என்ன போய்விடும் என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சில வருஷத்துக்கு முன்பு அப்பா இங்கே வந்திருந்தபோது அவரைப் பாயின்ட் ரெயஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாட்டுத் தீவனக் கட்டுகளும் காய்கறியும் ஒரே கூரைக்குக் கீழே விற்கும் டோபிஸ் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகையை வாங்கிக் கையில் எடைபோட்டார். அப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். செய்தியைப் படிக்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் விளம்பரங்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். மரம் வெட்டுபவர், கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்பவர், கால்நடை மருத்துவர், வீட்டு வாடகை, விற்பனைக்குக் கோழிக்கூண்டு.

"ரிட்டன் எவ்வளவு இருக்கும்டே?" என்று கேட்டார். விற்காமல் திரும்பும் பிரதி. அதுதான் அவர் வாழ்நாள் முழுக்கக் கணக்குப் பார்த்த விஷயம். முக்கால்வாசி சந்தா, தபாலில் போய்விடும் என்றேன்.

"விளம்பரம் பூராவும் ஊர்க்காரன் குடுத்ததுல்லா. கம்பெனி விளம்பரம் ஒண்ணுகூட இல்ல. அப்போ அவன் யாருக்கும் பயப்பட வேண்டாம்லா" என்றார்.

நான் பத்து பக்கம் எழுதிச் சொல்ல வேண்டியதை அவர் விளம்பரத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். ஆனால் ஊர்க்காரனுக்குப் பயப்பட வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் வரி ஏற்றத்தைப் பற்றி எழுதினால் வாரியத்தில் இருப்பவருடைய கடை விளம்பரம் நின்றுபோகலாம். மறுநாள் காலை ரொட்டி வாங்கப் போகும் இடத்தில் திட்டு வாங்கலாம். அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு அடுத்த வாரமும் எழுதுவதுதான் இந்தத் தொழில்.

மாட்டுச் செய்திக்கும் பாம்புச் செய்திக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் நினைக்கக் காரணமும் இதுதான். ரோட்டுக்கு வந்த மாட்டைப் பற்றிச் சரியாகப் போட்டால், சாவுச் செய்தியில் பெயரைப் பிழையில்லாமல் போட்டால், பள்ளிக்கூட நாடகத்தில் நடித்த குழந்தையின் படத்தைப் போட்டால், அந்த வீட்டுக்காரர் ராத்திரி ஓடிவந்த பிள்ளையைப் பற்றியும் அந்த ஆசிரியரிடம்தான் சொல்வார். எங்கிருந்தோ மைக்கோடு வந்து இறங்கும் நிருபரிடம் வாயைத் திறக்க மாட்டார். துப்பறியும் செய்தி என்று தனியாக ஒன்று வானத்திலிருந்து விழுவதில்லை. சாதாரண வாரங்களில்தான் அதற்கு விதை போடுகிறார்கள்.

பிற்காலம் அவ்வளவு சுமுகமாக இல்லை. 2005-ல் மிட்செல் ஓய்வுபெற்றுப் பத்திரிகையை விற்றார். வாங்கியவர் வழக்கறிஞராக இருந்தவர். பத்திரிகையை வேறு தரத்துக்கு, நீளமான கட்டுரைகளும் படங்களுமாக, கொண்டுபோக ஆசைப்பட்டார். ஊரில் பலருக்கு அது பிடிக்கவில்லை, தங்கள் கூட்டங்களும் தங்கள் கதைகளும் காணாமல் போகின்றன என்று கோபப்பட்டார்கள். 2007-ல் வெஸ்ட் மரின் சிட்டிசன் என்று போட்டிப் பத்திரிகையே வந்துவிட்டது. அந்தச் சின்ன வட்டாரத்துக்கு இரண்டு வாரப் பத்திரிகை. ஒரே தீவனக் கடையிடம் இரண்டு பேர் விளம்பரம் கேட்டால் இரண்டும்தான் மெலியும். 2010-ல் ஊர்க்காரர்களே லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பாகச் சேர்ந்து, பணம் திரட்டி லைட்டை வாங்கினார்கள். 2015-ல் சிட்டிசன் அதனோடு இணைந்தது. பத்திரிகை நின்றுபோகக் கூடாது என்று ஓர் ஊர் கையிலிருந்து காசு போட்டு வாங்கியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. அமெரிக்காவில் கடந்த இருபது வருஷத்தில் ஆயிரக்கணக்கான ஊர்ப் பத்திரிகைகள் மூடப்பட்டுவிட்டன. மூடிய பிறகு வருத்தப்பட்ட ஊர்கள்தான் அதிகம்.

டேவிட் மிட்செல் 2023-ல் 79 வயதில் காலமானார். சினனானைப் பற்றித்தான் எல்லா இரங்கல் செய்தியும் எழுதின.

இப்போது அந்த ஊர் மறுபடியும் பெரிய சிக்கலில் இருக்கிறது. 1962-ல் கடற்கரையைத் தேசியப் பூங்கா ஆக்கியபோது பண்ணைகளின் நிலத்தை அரசு வாங்கிக்கொண்டு, அவர்களுக்கே குத்தகைக்கு விட்டது. மாட்டுச் சாணமும் மேய்ச்சலும் ஓடைகளையும் காட்டு மான்களையும் கெடுக்கின்றன என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன. 2025 ஜனவரியில் ஒப்பந்தம் வந்தது. பன்னிரண்டு பண்ணைகள் பணம் பெற்றுக்கொண்டு வெளியேற ஒப்புக்கொண்டன. மூன்று, நான்கு தலைமுறையாக அங்கேயே இருந்த குடும்பங்கள். காட்டுக்கு அது நல்லது என்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பண்ணையில் பால் கறந்தவர்கள், அங்கேயே கொட்டகையிலும் சின்ன வீட்டிலும் குடியிருந்தவர்கள், பெரும்பாலும் ஹலிஸ்கோவிலிருந்து வந்த குடும்பங்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இல்லை. மரின் கவுண்டியில் அவர்கள் சம்பளத்துக்கு வாடகை வீடு கிடைப்பது நடக்கிற காரியமா? பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் என்ன ஆகும்?

ஒப்பந்தம் வெளியான அன்று பெரிய பத்திரிகைகள் எல்லாம் எழுதின, பெரிய பெரிய படங்களோடு. அதற்கப்புறம் அவர்களுக்கு வேறு வேலை வந்துவிடும். எந்தக் குடும்பத்துக்கு வீடு கிடைத்தது, யார் ஊரைவிட்டே போனார்கள், பள்ளியில் எத்தனை பெஞ்சு காலியானது என்று வியாழக்கிழமைதோறும் எழுதப்போவது லைட்தான். எனக்கு அது தெரிய வேண்டும். சந்தா கட்டியிருக்கிறேன்.